கம்ப்யூட்டருக்குள் ஒரு கம்ப்யூட்டர்: அதிலிருந்து டிவிடி எழுதுவது எப்படி?

பழைய புரோகிராம் ஒன்று உங்களிடம் இருக்கிறது. அது விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டும்தான் ஓடும். நீங்களோ விண்டோஸ் 11 உள்ள புதிய கம்ப்யூட்டர் வாங்கிவிட்டீர்கள். விவரம் தெரிந்த நண்பர் ஒருவர் வந்து, "கவலைப்படாதீர்கள், வெர்ச்சுவல் மெஷின் போட்டுத் தருகிறேன், அதற்குள் எக்ஸ்பி ஓடும்" என்று சொல்லி, போட்டும் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பழைய புரோகிராம் ஒழுங்காகத் திறக்கிறது. ஆனால் டிவிடி எழுதலாம் என்று போனால், 'ரெக்கார்டர் எதுவும் இல்லை' என்று கையை விரிக்கிறது. இத்தனைக்கும் டிவிடி ரைட்டர் கம்ப்யூட்டரோடு இணைக்கப்பட்டு, விளக்கு எரிந்தபடி உங்கள் கண் முன்னால்தான் இருக்கிறது.

நானும் இப்படி மாட்டிக்கொண்டவன்தான். 2006-ல் நடந்த என் தங்கையின் திருமணப் படங்களைப் பாட்டோடு கோர்த்து, ஒரு ஆல்பம் புரோகிராமில் புராஜெக்ட்டாக வைத்திருந்தேன். அப்போது எழுதிக் கொடுத்த டிவிடி கீறல் விழுந்து பாதியில் நின்றுவிடுகிறது; இன்னொன்று எழுதித் தர முடியுமா என்று தங்கை கேட்டாள். புராஜெக்ட் பைல் பத்திரமாக இருந்தது. ஆனால் அதைத் திறக்க அந்தப் புரோகிராம் வேண்டும்; அந்தப் புரோகிராமுக்கு எக்ஸ்பி வேண்டும். மூன்று டிஸ்க்குகளைப் பாழாக்கிய பிறகு நான்காவதுதான் சரியாக வந்தது. அந்த மூன்றும் ஏன் வீணாயின என்பதையும் இடையிடையே சொல்கிறேன். உங்கள் டிஸ்க்குகளாவது மிச்சமாகட்டும்.

விருந்தாளிக்கு அடுப்பு கிடையாது

வெர்ச்சுவல் மெஷின் என்பது கம்ப்யூட்டருக்குள் சாப்ட்வேரால் உருவாக்கப்படும் இன்னொரு கம்ப்யூட்டர். உண்மையான கம்ப்யூட்டரையும் அதில் உள்ள விண்டோஸையும் 'ஹோஸ்ட்' என்கிறார்கள். உள்ளே ஒரு விண்டோவில் ஓடும் எக்ஸ்பி, 'கெஸ்ட்'. ஒருவர் வீட்டுக்காரர், மற்றவர் விருந்தாளி. பெயர் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். விருந்தாளிக்கு இலை போட்டுப் பரிமாறுவோம். அடுப்பைத் தூக்கிக் கொடுக்க மாட்டோம் அல்லவா? வெர்ச்சுவல் மெஷினும் அப்படித்தான். கெஸ்ட்டுக்குத் தெரியும் ஹார்ட் டிஸ்க் உண்மையில் உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் உள்ள ஒரு பெரிய பைல். அதற்குத் தெரியும் நெட்வொர்க் கார்டு ஒரு நடிப்பு. சிடி டிரைவும் அதே போல ஒரு நடிப்பு டிரைவ்தான்.

இந்தக் கட்டுரையில் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற புரோகிராமை வைத்தே விளக்குகிறேன். 2007-ல் ஜெர்மனியைச் சேர்ந்த இன்னோடெக் நிறுவனம் இதை வெளியிட்டது. 2008-ல் சன் நிறுவனத்துக்கும், 2010-ல் ஆரக்கிளுக்கும் கை மாறியது. இலவசமாகக் கிடைக்கிறது. இதன் கெஸ்ட்டுக்குள் சென்று, மை கம்ப்யூட்டரில் ரைட் கிளிக் செய்து, புராபர்ட்டீஸ் வழியாக டிவைஸ் மேனேஜரைத் திறந்து பாருங்கள். டிவிடி டிரைவ் என்ற பிரிவில் உங்கள் ரைட்டரின் பெயர் இருக்காது. 'விபாக்ஸ் சிடி-ராம்' என்று ஒரு பெயர் இருக்கும். அதுதான் நடிப்பு டிரைவ். அதற்குப் படிக்க மட்டுமே தெரியும். எழுதுவதற்கான கட்டளைகள் வந்தால், 'எனக்குத் தெரியாது' என்று பதில் சொல்லிவிடும். எனவேதான் ரெக்கார்டர் இல்லை என்கிறது உங்கள் புரோகிராம். பழுது எதுவும் இல்லை; ரைட்டரைக் கழற்றி மாட்டிப் பார்ப்பதால் பயனும் இல்லை.

இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. கெஸ்ட்டிலேயே சமையலை முடித்து, பாத்திரத்தை ஹோஸ்ட்டிடம் கொடுத்து எழுதச் சொல்வது ஒன்று. உண்மையான டிரைவையே கெஸ்ட்டின் கையில் கொடுப்பது இன்னொன்று. பலரும் இரண்டாவதுக்குத்தான் முதலில் ஓடுகிறார்கள். நானும் அப்படித்தான் ஓடினேன். ஆனால் பத்தில் ஒன்பது வேலைகளுக்கு முதல் வழியே போதும், டிஸ்க்கும் வீணாகாது.

முதல் வழி: ஐஎஸ்ஓ பைல்

ஒரு டிஸ்க்கில் எழுதப்பட வேண்டிய அனைத்தையும், அதே வரிசையில், ஒரே பைலாக ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொள்ளலாம். இதற்கு இமேஜ் பைல் என்று பெயர். ஐஎஸ்ஓ என்ற துணைப்பெயருடன் வருவது இதில் மிகப் பரவலானது. கெஸ்ட்டுக்குள் இந்தப் பைலை உருவாக்கி, ஹோஸ்ட்டுக்குக் கொண்டுவந்து, ஹோஸ்ட்டில் எழுதிவிட்டால் வேலை முடிந்தது. எழுதும் நேரத்தில் வெர்ச்சுவல் மெஷின் ஓடக்கூட வேண்டாம்.

முதலில் உங்கள் பழைய புரோகிராமில் எழுதும் பகுதிக்குச் சென்று, ரெக்கார்டரைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலைப் பாருங்கள். நீரோ போன்ற புரோகிராம்களில் அங்கே 'இமேஜ் ரெக்கார்டர்' என்று ஒன்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் டிஸ்க் கேட்காமல், பைலை எங்கே சேமிப்பது என்று கேட்கும். அப்போது பைல் வகையைக் கவனியுங்கள். நீரோ தன் சொந்த வகையான என்ஆர்ஜியை முன்னால் காட்டும். அதை ஐஎஸ்ஓ என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

வீடியோ டிவிடி தயாரிக்கும் புரோகிராம்களில் பலவற்றில் இமேஜ் என்ற பேச்சே இருக்காது. ஆனால் 'ஹார்ட் டிஸ்க்கில் சேமி' என்றோ 'டிவிடி போல்டர் உருவாக்கு' என்றோ ஒரு வசதி மூலையில் இருக்கும். அதைக் கொடுத்தால் 'வீடியோ டிஎஸ்' என்ற பெயரில் ஒரு போல்டர் கிடைக்கும். இனி இந்தப் போல்டரை ஐஎஸ்ஓவாக மாற்ற வேண்டும். இதற்கு இம்ஜ்பர்ன் என்ற இலவசப் புரோகிராம் நல்லது. இதன் கடைசிப் பதிப்பு 2.5.8, 2013-ல் வந்தது, எக்ஸ்பியிலும் ஓடும். அதைத் திறந்து 'கிரியேட் இமேஜ் பைல் பிரம் பைல்ஸ்/போல்டர்ஸ்' என்ற பட்டனை அழுத்துங்கள். இடது பக்கம் அந்தப் போல்டரைச் சேர்த்து, டெஸ்டினேஷன் என்ற இடத்தில் பைலுக்குப் பெயர் கொடுத்து, கீழே உள்ள பில்ட் பட்டனை அழுத்தவும். வீடியோ டிவிடி என்று தானே கண்டுகொண்டு, தேவையான அமைப்புகளைத் தானே மாற்றலாமா என்று கேட்கும். யெஸ் கொடுங்கள்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. எழுத முடிகிற டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி என்று அட்டையில் போட்டிருப்பார்கள். அது 470 கோடி பைட். விண்டோஸ் கணக்கில் சுமார் 4.38 ஜிபி. எக்ஸ்பியின் டிரைவ் பேட்32 முறையில் பார்மட் செய்யப்பட்டிருந்தால், அதில் ஒரு தனிப் பைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. டிவிடி நிறையப் படங்கள் இருந்தால் ஐஎஸ்ஓ பாதியில் நின்றுவிடும். இடம் மீதமிருக்கும்போதே 'இடமில்லை' என்ற செய்தி வந்து உங்களைக் குழப்பும். டிரைவ் மீது ரைட் கிளிக் செய்து புராபர்ட்டீஸில் பைல் சிஸ்டம் என்ன என்று பாருங்கள். என்டிஎப்எஸ் என்று இருந்தால் கவலையில்லை. பைலைப் பென் டிரைவில் எடுத்துச் செல்ல நினைப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. பென் டிரைவ்கள் பெரும்பாலும் பேட்32-ல்தான் வருகின்றன.

பைலை வெளியே கொண்டுவருவது எப்படி? விர்ச்சுவல்பாக்ஸில் 'ஷேர்டு போல்டர்' என்ற வசதி இருக்கிறது. முதலில் கெஸ்ட் ஓடும் விண்டோவின் மேலே உள்ள டிவைசஸ் மெனுவில் 'இன்சர்ட் கெஸ்ட் அடிஷன்ஸ் சிடி இமேஜ்' என்பதைக் கிளிக் செய்து, கெஸ்ட்டுக்குள் அந்தத் துணைப் புரோகிராமை இன்ஸ்டால் செய்திடவும். பிறகு அதே டிவைசஸ் மெனுவில் ஷேர்டு போல்டர்ஸ் பகுதிக்குச் சென்று, ஹோஸ்ட்டில் உள்ள ஒரு போல்டரைக் காட்டி, 'ஆட்டோ மவுண்ட்' என்பதில் டிக் செய்யவும். எக்ஸ்பியை ரீஸ்டார்ட் செய்தால் அந்தப் போல்டர் ஒரு நெட்வொர்க் டிரைவாகத் தெரியும். ஐஎஸ்ஓவை நேரடியாக அதிலேயே சேமித்துவிடலாம். கெஸ்ட்டின் ஹார்ட் டிஸ்க் சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை.

எழுதுவதற்கு முன்னால் கட்டாயம் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. விண்டோஸ் 8 முதல், ஐஎஸ்ஓ பைலின் மீது டபுள் கிளிக் செய்தாலே அது ஒரு டிஸ்க்கைப் போலத் திறந்துகொள்ளும். விஎல்சி போன்ற பிளேயரில் ஓட்டிப் பாருங்கள். மெனு வருகிறதா, பாட்டு படத்தோடு ஒட்டி ஓடுகிறதா, கடைசிப் படம் வரை போகிறதா என்று பார்த்துவிடலாம். டிஸ்க் எதையும் தொடாமலேயே டிஸ்க்கைச் சோதித்துவிடுகிறோம். இந்த வழியில் எனக்கு மிகவும் பிடித்ததே இதுதான்.

திருப்தியானால் ரைட்டரில் வெற்று டிஸ்க்கைப் போட்டு, ஐஎஸ்ஓ பைலின் மீது ரைட் கிளிக் செய்து 'பர்ன் டிஸ்க் இமேஜ்' கொடுங்கள். விண்டோஸ் 11-ல் இதைப் பார்க்க முதலில் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' என்பதைக் கிளிக் செய்ய வேண்டியிருக்கும். வரும் சிறிய விண்டோவில் 'வெரிபை டிஸ்க் ஆப்டர் பர்னிங்' என்பதில் டிக் செய்து, பர்ன் பட்டனை அழுத்தவும். இது விண்டோஸ் 7-ல் இருந்தே கூட வருகிறது. தனியாக எந்தப் புரோகிராமும் வேண்டாம். உங்கள் ஹோஸ்ட் உபுண்டு போன்ற லினக்ஸ் என்றால் பிரசேரோ அல்லது கே3பி இந்த வேலையைச் செய்யும்.

இரண்டாவது வழி: டிரைவையே உள்ளே கொடுப்பது

என் ஆல்பம் புரோகிராம் பிடிவாதக்காரப் புரோகிராம். இமேஜும் தராது, போல்டரும் தராது. டிரைவைக் காட்டு, எழுதித் தருகிறேன் என்று மட்டும் சொல்லும். இப்படிப்பட்டவற்றுக்காகத்தான் விர்ச்சுவல்பாக்ஸில் 'பாஸ்த்ரூ' என்ற வசதி இருக்கிறது. கெஸ்ட் அனுப்பும் கட்டளைகளை நடிப்பு டிரைவ் தானே கையாளாமல், அப்படியே உண்மையான ரைட்டருக்குக் கடத்திவிடும். இது இன்னும் சோதனை நிலையில் உள்ள வசதி என்று விர்ச்சுவல்பாக்ஸின் கையேடே ஒப்புக்கொள்கிறது. எனவே எல்லா ரைட்டரிலும், எல்லாப் புரோகிராமிலும் வேலை செய்யும் என்று நான் உறுதி தர முடியாது.

செய்முறை இதோ. கெஸ்ட்டை முறையாக ஷட் டவுன் செய்யுங்கள். 'சேவ் ஸ்டேட்' கொடுத்து உறங்க வைப்பது போதாது. விர்ச்சுவல்பாக்ஸின் முதன்மை விண்டோவில் அந்த மெஷினைத் தேர்ந்தெடுத்து, செட்டிங்ஸ் பட்டனை அழுத்தி, ஸ்டோரேஜ் பகுதிக்குச் செல்லவும். அங்கே 'கண்ட்ரோலர் ஐடிஇ' என்பதற்குக் கீழே ஒரு டிஸ்க் படமும் 'எம்ப்டி' என்ற சொல்லும் இருக்கும். அதைக் கிளிக் செய்யுங்கள். வலது பக்கம் தெரியும் இன்னொரு சிறிய டிஸ்க் படத்தைக் கிளிக் செய்தால் ஒரு மெனு விரியும். அதில் 'ஹோஸ்ட் டிரைவ்' என்று தொடங்கி, உங்கள் ரைட்டரின் பெயர் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தவுடன் 'பாஸ்த்ரூ' என்ற கட்டம் கிடைக்கும். டிக் செய்து ஓகே கொடுங்கள். 2024-ல் வந்த 7.1 பதிப்பிலிருந்து செட்டிங்ஸ் விண்டோவில் பேசிக், எக்ஸ்பர்ட் என்று இரண்டு நிலைகள் உள்ளன. தேடியது கண்ணில் படாவிட்டால் எக்ஸ்பர்ட்டுக்கு மாறிப் பாருங்கள்.

கண்ட்ரோலர் ஐடிஇயாக இருக்கட்டும். சாட்டாவுக்கு மாற்ற வேண்டாம். எக்ஸ்பியோடு சாட்டாவுக்கான டிரைவர் வருவதில்லை. மாற்றினால் டிரைவே காணாமல் போய்விடும்.

இப்போது கெஸ்ட்டை ஸ்டார்ட் செய்து டிவைஸ் மேனேஜரைப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். அதே 'விபாக்ஸ் சிடி-ராம்' பெயர்தான் நிற்கும். பயப்பட வேண்டாம். கெஸ்ட்டுக்கு எதுவும் மாறியதாகத் தெரியக்கூடாது என்பதற்காக, பாஸ்த்ரூவிலும் உண்மையான பெயரை விர்ச்சுவல்பாக்ஸ் மறைத்துவிடுகிறது. எனவே பெயரைப் பார்க்காதீர்கள். எழுதும் புரோகிராமைத் திறந்து, ரெக்கார்டர் பட்டியலில் ஏதாவது வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் வேலை ஆகிவிட்டது என்று பொருள்.

ரைட்டரின் பர்ம்வேரை அப்டேட் செய்வது போன்ற ஆபத்தான கட்டளைகளை மட்டும் பாஸ்த்ரூவிலும் உள்ளே விட மாட்டார்கள். அந்த வேலைக்கு ஹோஸ்ட்டைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

யுஎஸ்பி ரைட்டர் வைத்திருப்பவர்களுக்கு

இன்றைய லேப்டாப்களில் டிவிடி டிரைவ் இருப்பது அபூர்வம். வெளியே தொங்கும் யுஎஸ்பி ரைட்டரைத்தான் பலரும் வாங்குகிறார்கள். மேலே சொன்ன பாஸ்த்ரூ இதற்கும் பொருந்தும். ஆனால் யுஎஸ்பி ரைட்டருக்கு இன்னொரு நேரான பாதையும் உண்டு. ரைட்டரை யுஎஸ்பி சாதனமாகவே கெஸ்ட்டிடம் ஒப்படைத்துவிடலாம். கெஸ்ட் ஓடும்போது டிவைசஸ் மெனுவில் யுஎஸ்பி என்பதைத் திறந்தால், இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியல் வரும். உங்கள் ரைட்டரை டிக் செய்யுங்கள். ஹோஸ்ட்டில் அந்த டிரைவ் மறைந்து, கெஸ்ட்டில் முளைக்கும். இம்முறை உண்மையான பெயரோடு வரும்.

இதில் யுஎஸ்பி கண்ட்ரோலர் எது என்பது முக்கியம். செட்டிங்ஸில் யுஎஸ்பி பகுதியில் 1.1, 2.0, 3.0 என்று மூன்று இருக்கும். 1.1-ன் உச்ச வேகம் விநாடிக்கு 12 மெகாபிட், அதாவது 1.5 எம்பி. டிவிடியை மிகக் குறைந்த 1எக்ஸ் வேகத்தில் எழுதவே விநாடிக்குச் சுமார் 1.4 எம்பி வேண்டும். ஆக, 1.1 நூலிழையில் தொங்கும். 3.0 கொடுத்தால் எக்ஸ்பியிலும் விண்டோஸ் 7-லும் அதற்கான டிரைவர் கூட வருவதில்லை. எனவே எக்ஸ்பிக்கு 2.0தான் சரி. முன்பு 2.0, 3.0 இரண்டுக்கும் 'எக்ஸ்டென்ஷன் பேக்' என்ற கூடுதல் தொகுப்பு வேண்டியிருந்தது. 2022-ல் வந்த 7.0 பதிப்பிலிருந்து அது தேவையில்லை.

என் முதல் டிஸ்க் போனது இந்த யுஎஸ்பியால்தான். ரைட்டரை நேரடியாக லேப்டாப்பில் செருகாமல், மவுஸும் பென் டிரைவும் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்த ஒரு யுஎஸ்பி ஹப்பில் செருகியிருந்தேன். படிக்கும்போது எந்தப் பிரச்சினையும் இல்லை. எழுதும்போது லேசர் அதிக மின்சாரம் கேட்கும். யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர்; 3.0 போர்ட் 900. தனி மின் இணைப்பு இல்லாத ஹப் அந்த 500-ஐ எல்லாருக்கும் பங்கு போடுகிறது. எழுதத் தொடங்கிய ஒரு நிமிடத்தில் ரைட்டர் 'டிக்' என்ற சத்தத்தோடு அணைந்து எரிந்தது. அவ்வளவுதான். ரைட்டரோடு இரண்டு தலை உள்ள கேபிள் கொடுத்திருந்தால் இரண்டு தலையையும் செருகுங்கள். ஒன்று அழகுக்காகக் கொடுக்கவில்லை.

வேறு புரோகிராம்களில்

விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் 2024 நவம்பர் முதல் அனைவருக்கும் இலவசமாகிவிட்டது. அதை வைத்திருப்பவர்கள் மெஷினின் செட்டிங்ஸில் சிடி/டிவிடி பகுதிக்குச் சென்று 'யூஸ் பிசிகல் டிரைவ்' தேர்ந்தெடுத்து, அட்வான்ஸ்டு பட்டனை அழுத்தி, 'லெகசி எமுலேஷன்' என்பதில் டிக் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டிக் இருந்தால் டேட்டா டிஸ்க்குகளைப் படிக்க மட்டும்தான் முடியும். விண்டோஸோடு வரும் ஹைப்பர்-வியில் டிஸ்க் எழுதும் வசதியே கிடையாது. அங்கே ஐஎஸ்ஓ வழி ஒன்றுதான்.

எழுதும் அந்தப் பதினைந்து நிமிடங்கள்

டிஸ்க் எழுதுவது பென் டிரைவில் காப்பி செய்வது போன்றது அல்ல. லேசர் ஓடத் தொடங்கிவிட்டால், தகவல் தடையில்லாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். சற்றுத் தாமதமானால் சமாளிப்பதற்காக ரைட்டருக்குள் 'பபர்' என்ற சிறிய நினைவகம் உள்ளது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிவிடியில் 1எக்ஸ் என்பது விநாடிக்கு 1385 கேபி. 8எக்ஸ் வேகத்தில் சுமார் 11 எம்பி. பபரின் அளவு 1 எம்பி என்று வைத்துக்கொண்டால், அது பத்தில் ஒரு பங்கு விநாடிக்குக்கூடத் தாங்காது. 4எக்ஸ் என்று குறைத்தால் அதே பபர் இரண்டு மடங்கு நேரம் தாங்கும்.

சாதாரணக் கம்ப்யூட்டரில் இது பெரிய விஷயமில்லை. ஆனால் இங்கே தகவல் எத்தனை வாசல்களைத் தாண்டி வருகிறது பாருங்கள். எக்ஸ்பியில் உள்ள புரோகிராம், எக்ஸ்பி, நடிப்பு டிரைவ், விர்ச்சுவல்பாக்ஸ், விண்டோஸ் 11, யுஎஸ்பி, பிறகுதான் ரைட்டர். ஏதாவது ஒரு வாசலில் நெரிசல் என்றாலும் பபர் காலியாகிவிடும். 2000-ஆம் ஆண்டில் சான்யோ நிறுவனம் 'பர்ன்-புரூப்' என்ற நுட்பத்தைக் கொண்டுவந்தது. பபர் காலியானால் லேசரை நிறுத்திவைத்து, தகவல் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். இது போன்ற பாதுகாப்பு பின்னர் ரைட்டர்களில் வழக்கமாகிவிட்டது. ஆனால் இது தாமதத்தைத்தான் தாங்கும். வெர்ச்சுவல் மெஷினே நின்றுபோனால் இதனால் எதுவும் செய்ய முடியாது.

என் இரண்டாவது டிஸ்க் போனது அப்படித்தான். 60 சதவீதம் எழுதியாகிவிட்டதே என்று காபி குடிக்கப் போனேன். கெஸ்ட்டுக்குள் எவ்வளவு வேலை நடந்தாலும், கீபோர்டை யாரும் தொடாததால் லேப்டாப் தூங்கப் போய்விட்டது. திரும்பி வந்து எழுப்பியபோது எக்ஸ்பி எழுந்துகொண்டது, டிஸ்க் எழவில்லை. ஆகவே எழுதத் தொடங்கும் முன் ஹோஸ்ட்டின் செட்டிங்ஸில் ஸ்லீப் நேரத்தை 'நெவர்' என்று மாற்றி வையுங்கள். கெஸ்ட்டின் ஸ்கிரீன் சேவரையும் நிறுத்துங்கள். லேப்டாப்பை மின்சாரத்தில் செருகி வையுங்கள்.

மூன்றாவது டிஸ்க் போனது என் அவசரப் புத்தியால். எழுதிக்கொண்டிருக்கும்போதே ஹோஸ்ட்டில் பைல் எக்ஸ்புளோரரைத் திறந்து, எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பார்க்க அந்த டிரைவைக் கிளிக் செய்தேன். பாஸ்த்ரூவில் டிரைவ் கெஸ்ட்டின் கையில் இருந்தாலும் ஹோஸ்ட்டின் கண்ணிலிருந்து மறைவதில்லை. ஒரே டிரைவுக்கு இரண்டு எஜமானர்கள் கட்டளை கொடுத்தால் என்ன ஆகுமோ அது ஆனது. எழுதி முடியும் வரை ஹோஸ்ட்டில் அந்த டிரைவைத் தொடாதீர்கள். மீடியா பிளேயர் போன்றவற்றையும் மூடிவிடுங்கள். ஆன்டிவைரஸ் ஸ்கேன், விண்டோஸ் அப்டேட் இரண்டும் ஓடாத நேரமாகப் பார்த்து எழுதுங்கள். விர்ச்சுவல்பாக்ஸில் பாஸ், ஸ்னாப்ஷாட், சேவ் ஸ்டேட் எதையும் அப்போது அழுத்த வேண்டாம்.

விர்ச்சுவல்பாக்ஸ் விண்டோவின் கீழ் வரிசையில் ஒரு பச்சை ஆமைப் படம் தெரிகிறதா? உங்கள் விண்டோஸில் ஹைப்பர்-வி இயங்குகிறது, அதன் முதுகில் ஏறித்தான் இந்த மெஷின் ஓடுகிறது என்பதற்கு அடையாளம் அது. கெஸ்ட் மெதுவாக இருக்கும். ஆமை தெரிந்தால் வேகத்தை இன்னும் ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள்.

வேகம் எவ்வளவு வைக்கலாம்? டிவிடிக்கு 4எக்ஸ் என்பது என் பரிந்துரை. நிறைந்த டிஸ்க் எழுதப் பதினான்கு, பதினைந்து நிமிடம் ஆகும். முதல் முயற்சிக்கு அழித்து எழுதக்கூடிய டிவிடி-ஆர்டபிள்யூ டிஸ்க் ஒன்று வாங்கிவைத்துக்கொண்டால், தவறு நடந்தாலும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். இதை நான் முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

பாட்டு சிடியும் வீடியோ சிடியும்

ஐஎஸ்ஓ வழியில் செய்ய முடியாத வேலை ஒன்று, சாதாரண ஆடியோ சிடி. டேட்டா டிஸ்க்கில் ஒரு செக்டரில் 2048 பைட் தகவல் இருக்கும். ஐஎஸ்ஓ அந்த 2048-ஐத்தான் சேமிக்கிறது. ஆடியோ சிடியின் செக்டர் 2352 பைட். அதில் பைல், போல்டர் என்ற அமைப்பே கிடையாது. அதனால் ஆடியோ சிடிக்கு ஐஎஸ்ஓ கிடையாது. பின், கியூ என்ற இரண்டு பைல்களாக வரும் வேறு வகை இமேஜ்தான் பொருந்தும். உங்கள் பழைய புரோகிராம் அந்த வகையில் சேமித்தால், ஹோஸ்ட்டில் இம்ஜ்பர்ன் கொண்டு அந்தக் கியூ பைலைத் திறந்து எழுதலாம். எம்பி3 பாட்டுகளை பைல்களாக எழுதுவதென்றால் ஐஎஸ்ஓவே போதும்.

பழைய வீடியோ சிடிகள் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. அவற்றை விர்ச்சுவல்பாக்ஸ் கெஸ்ட்டுக்குள் ஓட்டவே முடியாது. பாஸ்த்ரூ கொடுத்தாலும் முடியாது என்று கையேடு தெளிவாகச் சொல்லிவிடுகிறது. அதற்காக மல்லுக்கட்ட வேண்டாம். வீடியோ சிடி வேலைகளை ஹோஸ்ட்டிலேயே செய்துகொள்ளுங்கள்.

முடிந்த பிறகு

எழுதி முடித்ததும் டிஸ்க்கை வெளியே எடுக்க ரைட்டரின் பட்டனை அழுத்தினால் சில சமயம் திறக்காது. டிரைவைக் கெஸ்ட் பூட்டி வைத்திருக்கிறது. எக்ஸ்பியில் மை கம்ப்யூட்டரைத் திறந்து, டிரைவின் மீது ரைட் கிளிக் செய்து 'ஈஜெக்ட்' கொடுங்கள். யுஎஸ்பி வழியில் கொடுத்திருந்தால், எக்ஸ்பியின் டாஸ்க் பாரில் 'சேப்லி ரிமூவ் ஹார்ட்வேர்' மூலம் விடுவித்துவிட்டு, டிவைசஸ் மெனுவில் டிக்கை எடுத்துவிடவும். ரைட்டர் மறுபடி ஹோஸ்ட்டுக்கு வந்துவிடும். பாஸ்த்ரூ கொடுத்தவர்கள் கெஸ்ட்டை ஷட் டவுன் செய்து, ஸ்டோரேஜ் பகுதியில் டிக்கை எடுத்துவிட்டு, டிரைவைப் பழையபடி 'எம்ப்டி' ஆக்கிவிடுங்கள். அடுத்த முறை ஹோஸ்ட்டில் ஒரு டிஸ்க்கைப் போடும்போது குழப்பம் வராது.

எக்ஸ்பிக்கான பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. டிஸ்க் எழுத இன்டர்நெட் தேவையில்லை. எனவே கெஸ்ட்டின் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குச் சென்று 'நாட் அட்டாச்டு' என்று வைத்துவிடுவது நல்லது. ஷேர்டு போல்டர் அதனால் பாதிக்கப்படாது.

எழுதிய டிஸ்க்கை அது ஓட வேண்டிய இடத்திலேயே ஒருமுறை முழுதாக ஓட்டிப் பாருங்கள். தங்கை வீட்டு டிவிடி பிளேயரில் என் நான்காவது டிஸ்க்கைப் போட்டு, தாலி கட்டும் படம் வரும் வரை உட்கார்ந்திருந்தேன். பழைய டிஸ்க் அந்த இடத்தில்தான் நின்றுபோகும். அது ஓடி முடிந்ததும் அதே டிஸ்க்கை என் லேப்டாப்பில் போட்டு, இம்ஜ்பர்னில் 'கிரியேட் இமேஜ் பைல் பிரம் டிஸ்க்' கொடுத்து, அதிலிருந்து ஒரு ஐஎஸ்ஓ எடுத்துக்கொண்டேன். அந்த ஆல்பம் புரோகிராம் தர மறுத்த இமேஜ் பைல் அப்படித்தான் என் கைக்கு வந்தது. அம்மாவுக்கான இரண்டாவது பிரதியை எக்ஸ்பியைத் திறக்காமலேயே எழுதிக் கொடுத்தேன்.